பந்து கொண்டுவந்த காசும் க்னூட் ரொக்னியும்

பலெர்மோவின் வடமேற்கு ஓரத்தில், மீன்பிடிப் படகுகள் கட்டிக் கிடக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவில், ஞாயிறு பின்னேரம் எண்டால் எங்கட பொடியளும் பந்தோட கடற்கரைப் பக்கம் நிற்பாங்கள். அங்கே ஒரு தகப்பன் என்னை மறித்தார். அமெரிக்காவில் பந்து விளையாடினால் பல்கலைக்கழகமே செலவு பார்த்துப் படிப்பிக்குமாம், அது உண்மையோ எண்டு கேட்டார். இத்தாலியில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. இங்கே பல்கலைக்கழகம் படிப்புக்கு, பந்துக்குக் கழகம்.

அதே கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பிக் மேட்ச் வென்ற அணிக்குப் பரிசு கொடுக்கக் காசு சேர்க்கினம். இரண்டே நாளில் தொகை நிரம்பிவிட்டது. போன வருஷம் ஆய்வுகூடத்துக்குக் கேட்டபோது அதே குழு பேசாமல் இருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கையில் எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. அவர் க்னூட் ரொக்னி. அவரும் எங்களைப் போல புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைதான்.

1888 மார்ச் 4 அன்று நோர்வேயில் வொஸ் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் குதிரைவண்டி செய்கிற தொழிலாளி. 1893-இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டித் தகப்பன் அமெரிக்கா போக, குடும்பமும் பின்னால் போனது. அப்போது க்னூட்டுக்கு ஐந்து வயது. தெருவில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் அந்த நாட்டு ஆட்டத்தைப் பழகினார். அது நாங்கள் ஆடுகிற உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையால் எறிந்தும், தூக்கிக்கொண்டு ஓடியும், ஆளை ஆள் மறித்தும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து.

வீட்டில் படிப்பிக்க வசதி இல்லை. சில வருஷம் சிக்காகோ தபால் அலுவலகத்தில் வேலை செய்து காசு சேர்த்தார். 1910-இல், 22 வயதில், இந்தியானா மாநிலத்து நொட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கத்தோலிக்கக் குருமார் நடத்திய, அப்போது பெரிதாகப் பேர் எடுக்காத இடம் அது. ரொக்னி லூதரன் குடும்பத்தவர். வயதிலும் மதத்திலும் மற்றவர்களிலிருந்து விலகியே நின்றார்.

1913 நவம்பர் 1 அன்று நொட்டர் டேம் அணி, பேர்போன அமெரிக்க இராணுவக் கல்லூரியை 35-13 என்று வென்றது. கஸ் டொரேய் பந்தை முன்னோக்கி எறிய, ரொக்னி ஓடிப்போய்ப் பிடித்தார். அந்த எறிதல் முறையை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய அணிக்கு எதிராக அதை வைத்தே வெல்லலாம் என்று நாட்டுக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். அடுத்த வருஷம் மருந்தியலில் சிறப்பாகத் தேறி, அதே பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆய்வுகூட உதவியாளராகவும் துணைப் பயிற்றுநராகவும் நின்றார். 1918-இல் தலைமைப் பயிற்றுநர் ஆனார்.

அதன் பிறகு 13 பருவங்கள். 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை. ஐந்து பருவங்களில் ஒரு தோல்வியும் இல்லை. நியூயோர்க், சிக்காகோ, லொஸ் ஏஞ்சலிஸ் என்று அணியை ஊர் ஊராகக் கொண்டுபோனார். அங்கெல்லாம் குடியேறிய கத்தோலிக்கத் தொழிலாளர்கள், முக்கியமாக ஐரிஷ் ஆட்கள், இதைத் தங்கட அணியாகவே எடுத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத இவர்களுக்கு, சுரங்கரயிலில் வந்து ஆட்டம் பார்க்கிற பழைய மாணவர் என்ற பொருளில் ஒரு பட்டப்பேரே இருந்தது.

காசும் வந்தது. எப்படி வந்தது என்பதைத்தான் நாங்கள் கவனிக்க வேணும். 1919-இல் தலைவரான ஜேம்ஸ் பேர்ன்ஸ் என்ற குருவானவர் முதலில் படிப்பைச் சீர்செய்தார். வளாகத்துக்குள் இருந்த பள்ளிக்கூடப் பிரிவை மூடினார், துறைகளை ஒழுங்குபடுத்தினார். ரொக்கஃபெலர் ஆதரவில் இயங்கிய கல்விச் சபை 2,50,000 டொலரும் கார்னெகி நிதியம் 75,000 டொலரும் தர முன்வந்தன. நிபந்தனை, பல்கலைக்கழகம் தன் பங்குக்கு 7,50,000 டொலர் திரட்ட வேணும். பேர்ன்ஸ் அதற்காகவே அலைந்தார். அந்த வருஷங்களில் ரொக்னியின் அணி வென்றுகொண்டிருந்தது. மைதானத்தால் பேர் பரவியிருந்தது கதவைத் திறக்க உதவியிருக்கும். ஆனால் கொடுத்த பெரிய கைகள் கேட்டது ஆட்டக் கணக்கை அல்ல, படிப்புத் திட்டத்தை.

ஆட்ட நுழைவுச் சீட்டுப் பணம் வேறு வழியில் வந்தது. அதுவும் பயிற்றுநரின் பெட்டிக்குள் போகவில்லை. பெட்டிச் சாவி குருமாரிடம் இருந்தது. 1920-களில் எழுந்த கட்டடங்களுக்கு அந்தப் பணமும் உதவியது. ரொக்னிக்கு உடனடியாகப் பெரிய மைதானம் வேணும். நிர்வாகம் இழுத்தடித்தது. அவர் கோபித்தார், வேறிடம் போகப்போவதாகச் சொன்னார். 1925 கடைசியில் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு உடன்படிக்கையும் வைத்துவிட்டார். செய்தி வெளியே கசிய, வெட்கத்தோடு திரும்பினார். மைதானம் 1930 ஒக்டோபரில்தான் திறந்தது. செலவு 7,50,000 டொலருக்கு மேல். ஆட்ட மிச்சத்திலும், 10 வருஷத்துக்கான இருக்கை உரிமையை முன்கூட்டி விற்றுமே கட்டினார்கள்.

1928-இல் அணி நான்கு ஆட்டங்களில் தோற்றது. அவர் காலத்தில் அதுவே மோசமான பருவம். இவ்வளவு வென்றவருக்கும் முணுமுணுப்புக் கேட்டது. பயிற்றுநரின் வேலை எவ்வளவு நிலையில்லாதது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஸ்டுடிபேக்கர் கார் நிறுவனத்துக்காக விற்பனையாளர்களுக்கு உரையாற்றினார், பத்திரிகைக்கு எழுதினார், கோடையில் மற்றப் பயிற்றுநர்களுக்கு வகுப்பு எடுத்தார். 1929-இல் காலில் இரத்தக்கட்டு வந்து சக்கர நாற்காலியில் இருந்தபடி பயிற்சி கொடுத்தார். அந்தப் பருவம் ஒரு தோல்வியும் இல்லை.

அதே 1929-இல் கார்னெகி நிதியத்தின் ஒரு நீண்ட அறிக்கை வந்தது. நாடு முழுவதும் கல்லூரிகள் ஆட்டக்காரரை இரகசியமாகக் காசு கொடுத்துச் சேர்ப்பதையும், ஆட்டம் வியாபாரமாவதையும் அது கண்டித்தது. ரொக்னி இந்தப் போக்கை எதிர்த்தவர் அல்ல, அதை வளர்த்தவர்களில் ஒருவர். இதையும் சொல்லத்தான் வேணும்.

1931 மார்ச் 31. ஒரு சினிமா வேலையாக லொஸ் ஏஞ்சலிஸ் போகையில், கன்சாஸ் மாநிலத்தில் விமானத்தின் மரச் சிறகு முறிந்து விழுந்தது. எட்டுப் பேரும் இறந்தார்கள். அவருக்கு 43 வயது. ஸ்டுடிபேக்கர் அவர் பேரில் ஒரு கார் விட்டது. 1933-இல் அதுவும் நின்றுபோனது.

அவர் இடத்துக்கு வந்தவர் அவருடைய பழைய ஆட்டக்காரரும் உதவியாளருமான ஹங்க் அண்டர்சன். மூன்று பருவம்தான். 1933-இல் தோல்விகள் கூட, வேலை போனது. அடுத்து வந்த எல்மர் லேடனும் ரொக்னியின் ஆள்தான். 1924-இல் பேர்போன நால்வர் கூட்டணியில் ஆடியவர். அந்த நால்வரும் பிறகு பயிற்றுநர் ஆனார்கள். ரொக்னியிடம் பழகியவர் என்ற பேரே வேலை வாங்கித் தந்தது. வேலையைக் காப்பாற்றித் தந்தது வெற்றி மட்டும்தான்.

இனி அந்தத் தகப்பனுக்கு. ஓம் அண்ணை, அப்படிப் படிக்கலாம், அங்கே எங்கட உதைபந்தாட்டத்துக்கும் உதவிப்பணம் உண்டு. ஆனால் பல இடங்களில் அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேணும். முழங்கால் போனாலும் பயிற்றுநர் மாறினாலும் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டுவிட்டு அனுப்புங்கோ. ரொக்னியே ஒரு மருந்தியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மைதானத்தில் இறங்கினவர்.

எங்கட பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒன்று. வெற்றி வந்தால் காசு வரும், அதைத் தடுக்கவும் தேவையில்லை. ஆனால் வென்ற இரவில் இருந்து யோசித்தால் அது மேளத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். பருவம் தொடங்க முன்னமே கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்கோ. சேர்கிற காசில் எவ்வளவு ஆய்வுகூடத்துக்கு, எவ்வளவு நூலகத்துக்கு, தோற்ற வருஷமும் பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்க எவ்வளவு. அடுத்த பிக் மேட்சுக்கு இன்னும் மாதங்கள் இருக்கு. எங்கட குழுவில் இந்தக் கேள்வியை நான் போட்டுவிட்டன். பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறன்.