ஆதி நாகப்பனும் மூன்றாவது ஓட்டும்

கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஜாலான் ஆதி நாகப்பன் என்றொரு சாலை இருக்கிறது. அந்தப் பக்கம் போய் வருகிறவர்கள் பலருக்கும் அது யார் பெயர் என்று தெரியாது. மூத்தவர்களிடம் கேட்டால் மஇகாவின் துணைத் தலைவராக இருந்தவர், ஜானகி அம்மையாரின் கணவர் என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்திலும் அதை ஒட்டிய பட்டணங்களிலும் வாழ்கிறவர்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேறொரு காரணமும் உண்டு. ஒரு வட்டாரத்தின் சாலை, சாக்கடை, குப்பை, சந்தை, வீட்டு நிலம் இவற்றையெல்லாம் யார் திட்டமிட வேண்டும், அந்த மன்றம் எப்படி அமைய வேண்டும் என்று இந்த நாட்டில் விரிவாக ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

டான்ஸ்ரீ ஆதி நாகப்பன் தமிழ்ப் பத்திரிகைத் துறையிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானார், மஇகாவில் உயர்ந்தார், செனட்டரானார். அவருடைய துணைவியார் ஜானகி 1943இல், பதினெட்டு வயதில், நேதாஜியின் அழைப்பைக் கேட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றவர். 1946இல் மஇகா தோன்றியபோது உடனிருந்தவர். பின்னாளில், 2000இல், இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். இந்த வீட்டில் போர்முனைக் கதைகளுக்குப் பஞ்சமிருந்திருக்காது. அதனால்தானோ என்னவோ, கணவர் செய்த வேலை மங்கித் தெரிகிறது. வரவு செலவுக் கணக்கும் எல்லை வரைபடமும் சாட்சிப் பதிவும் நிறைந்த அறிக்கையை யார் மேடையில் பேசுவார்கள்?

அந்த அறிக்கை ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்க்க 1951க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்தது. மலாயா மக்கள் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுவதற்கு முன்பே ஊராட்சி மன்றத்துக்கு ஓட்டுப் போட்டுப் பழகிவிட்டார்கள். 1952இல் வந்த சட்டம் புதுக்கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க வழி செய்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தீபகற்பத்தில் 370க்கும் அதிகமான ஊராட்சி அமைப்புகள் உருவாகிவிட்டன. மாநகர மன்றம், நகராண்மைக் கழகம், பட்டண மன்றம், பட்டண வாரியம், உள்ளூர் மன்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு சட்டம், ஒரு நடைமுறை. சிலவற்றுக்கு நல்ல வருமானம் இருந்தது. பலவற்றால் ஒரு கிராணிக்குச் சம்பளம் கொடுத்தால் தெருவிளக்குக்கு மிச்சமில்லை.

இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1965 மார்ச் 1ஆம் தேதி, அவசரகால விதியின் கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நிலைமை சீரானதும் மீண்டும் நடத்தப்படும் என்று பிரதமர் துங்கு உறுதி கூறினார். அதே காலத்தில் ஜார்ஜ் டவுன், சிரம்பான், ஜொகூர் பாரு, பத்து பகாட் போன்ற இடங்களின் மன்றங்கள் மீது முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. பல பெரிய பட்டணங்களில் எதிர்க்கட்சிகளுக்குச் செல்வாக்கு இருந்த காலம் அது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தச் சூழலில்தான் 1965 நடுவில் மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். உறுப்பினர்களில் ஒருவர் ஜார்ஜ் டவுனின் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன்.

ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஒருவரிடம், எதிர்க்கட்சி மன்றங்கள் மீது புகார் குவிந்திருந்த நேரத்தில், இந்தப் பொறுப்பு கொடுக்கப்பட்டது. தேர்தல் வேண்டாம், நியமனம் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆணையம் அப்படி எழுதவில்லை. மன்றங்களிடமும் பொதுமக்களிடமும் மனுக்களும் சாட்சியங்களும் பெற்று, 1968இல் வேலையை முடித்தது.

ஆணையம் கண்ட குறைகள் எளிமையானவை, ஆனால் ஆழமானவை. மன்றங்கள் எண்ணிக்கையில் மிக அதிகம், அளவில் மிகச் சிறியவை. வருமானம் போதாது. பயிற்சி பெற்ற பொறியாளர், கணக்காளர், சுகாதார அதிகாரி கிடைப்பதில்லை. பட்டணத்துக்கு ஒரு மன்றம் இருக்கும், அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு ஒன்றும் இருக்காது. பட்டணத்தைத் தாண்டி வளரும் குடியிருப்பை யார் கவனிப்பது என்று தெரியாது. இதற்கு ஆணையம் சொன்ன மருந்து, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், சிறு மன்றங்களை இணைத்துப் பெரிய மன்றங்கள், பட்டணத்தையும் சுற்றியுள்ள ஊர்ப்புறத்தையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவரும் ஏற்பாடு. அதோடு, அந்த மன்றங்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்தலால் வரும் மன்றத்தில் குறைகள் இருக்கலாம். அந்தக் குறைகளுக்காகத் தேர்தலையே கைவிடக் கூடாது என்பதுதான் ஆணையத்தின் நிலை. வரி கட்டுகிறவனுக்கு அந்த வரி எப்படிச் செலவாகிறது என்று கேட்க உரிமை உண்டு என்ற அடிப்படையில் அது நின்றது.

தமிழ் படித்தவர்கள் ஊராட்சி என்றதும் நேரே உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் போய்விடுவோம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பெருமையாகப் பேசுவோம். அதே கல்வெட்டில், வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவன்தான் பானையில் பெயர் போடத் தகுதியானவன் என்றும் இருக்கிறது. நிலத்தில் கூலி வேலை செய்தவனுக்கு அந்தப் பானையில் ஓலை இல்லை. தோட்டத்துத் தமிழர் கதைக்கு இந்தப் பாதிதான் பொருத்தம்.

தோட்டம் என்பது தனியார் நிலம். 1960 வாக்கில் துன் ரசாக் தொடங்கிய ஊரக மேம்பாட்டுத் திட்டத்தில் மாவட்டத்துக்கு மாவட்டம் சிவப்புப் புத்தகம் என்ற பெயரில் பெரிய வரைபடத் தொகுப்புகள் தயாராயின. எந்தக் கம்பத்துக்குச் சாலை, எங்கே கிணறு, எங்கே பாலம் என்று மாவட்ட அதிகாரியின் தலைமையில் குறிக்கப்பட்டது. நல்ல முறை அது. கேட்கிறவன் கேட்டது ஒரே தாளில் தெரியும், வேலை முடிந்ததா என்றும் தெரியும். ஆனால் தோட்டங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரவில்லை. உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். லயன் வீடு, தண்ணீர், உள்சாலை எல்லாம் துரையின் கையில். ஊராட்சி மன்றம் தோட்டத்துக் கேட்டோடு நின்றுவிடும்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. இலங்கை மலையகத்தில் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமே தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத் தமிழர்கள் சபைக்கு ஓட்டுப் போட்டார்கள், உறுப்பினர்களாகவும் ஆனார்கள், ஆனால் தங்கள் லயத்து ரோட்டுக்குப் பணம் ஒதுக்க முடியவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அவர்களுக்கு ஓட்டு இருந்தது, எல்லை இல்லை. நமக்கு எல்லை வந்தது, ஓட்டு போனது.

அது எப்படிப் போனது என்பது ஆதி நாகப்பன் கதையின் கசப்பான பகுதி. அறிக்கை முடிந்த சில மாதங்களில் 1969 மே 13 கலவரம் வந்தது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. அறிக்கை வெளிச்சத்துக்கு வந்தபோது நாட்டின் மனநிலையே மாறியிருந்தது. பிரதமர் துறையின் கீழிருந்த மேம்பாட்டு நிர்வாகப் பிரிவு ஆணையத்தின் பரிந்துரைகளை மறுபடி ஆராய்ந்தது. ஊராட்சித் தேர்தல் மீண்டும் வராது என்று 1971இல் அரசாங்கம் அறிவித்தது. மோதல் 1966இலேயே முடிந்துவிட்டிருந்தது. துங்கு கொடுத்த வாக்கு அப்படியே நின்றது.

1973இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்து மன்றங்களைச் சீரமைக்கத் தொடங்கியது. ஆதி நாகப்பன் 1976இல் மறைந்தார். அதே ஆண்டில் ஊராட்சிச் சட்டமும், நகர ஊரகத் திட்டமிடல் சட்டமும் வந்தன. இன்றுவரை நம்மை ஆள்பவை இவைதான். ஆணையம் கேட்ட ஒரே சட்டம் கிடைத்தது. மன்றங்களை இணைத்துப் பெரிதாக்கும் யோசனை ஏற்கப்பட்டது. முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்டவை நாளடைவில் சுமார் நூறாகச் சுருங்கின. பட்டணமும் ஊர்ப்புறமும் சேர்ந்த மாவட்ட மன்றங்கள் பிறந்தன. ஆணையம் எதை உயிர் என்று கருதியதோ அது மட்டும் விடுபட்டது. சட்டத்தின் பத்தாவது பிரிவின்படி எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஓட்டை விட்டது என் பார்வையில் பாதிச் சீர்திருத்தம் மட்டுமல்ல, ஒருவகையில் பின்னடைவு. சிறு மன்றம் ஏழையாக இருந்தாலும் உறுப்பினர் யார் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். பெரிய மன்றத்துக்கு வசதி அதிகம், ஆனால் கேள்வி கேட்கத் தேர்தல் இல்லையென்றால் அது தொலைவில் இருக்கும் இன்னொரு அலுவலகம்தான். இணைப்பையும் தேர்தலையும் ஆணையம் ஒரே மூச்சில் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

கேமரன் மலைக்கு வருவோம். 1931இல் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் போ, பாரத் போன்ற தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. கொழுந்து பறித்தவர்கள் நம்மவர்கள். இன்று தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைந்திருக்க, தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. ஓய்வு பெற்றவர் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ வீடு வாங்கும் விலையா இருக்கிறது? மலையில் மட்டமான நிலம் குறைவு. அதற்கு ஹோட்டலும் போட்டி, காய்கறித் தோட்டமும் போட்டி. சரிவுகளை வெட்டினால் என்ன ஆகும் என்பதை 2013 அக்டோபரில் பெர்த்தாம் வேலியில் பார்த்தோம். அணைத் தண்ணீர் திறக்கப்பட்டபோது சேறும் வெள்ளமும் வீடுகளில் புகுந்து உயிர்களைக் கொண்டு போனது. ஏரியில் மண் நிரம்பியதற்கு மேலே காடு அழிந்ததும் ஒரு காரணம்.

எந்த நிலம் வீட்டுக்கு, எது விவசாயத்துக்கு, எது தொடக்கூடாத சரிவு என்பதை நிறம் பிரித்துக் காட்டுவது மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டம், மலாயில் ரஞ்சாங்ஙான் தெம்பாத்தான். தோட்டத்துக்கு அருகே வீட்டு நிலம் என்று அதில் ஒரு மூலை குறிக்கப்படாவிட்டால், பிறகு எந்த அரசியல்வாதியிடம் மனு கொடுத்தாலும் வேலை கடினம். கேமரன் மலை வாக்காளர் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போடுகிறார். இந்த வரைபடத்தைக் கையாளும் மாவட்ட மன்றத்துக்கு மட்டும் அவருக்கு ஓட்டில்லை. அதைத்தான் மூன்றாவது ஓட்டு என்று இப்போது சமூக அமைப்புகள் கேட்கின்றன. பினாங்கு அரசு 2012இல் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தேர்தல் இல்லாத இந்த ஏற்பாட்டிலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது, நம்மில் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. 1976ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம், நேரில் வந்து விளக்கவும் கேட்கலாம். ஆட்சேபம் கொடுக்க நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கக் கிளை எது வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம். அறிவிப்பு பெரும்பாலும் மலாய் நாளிதழிலும் மன்றத்தின் பலகையிலும் வரும். காலக்கெடு சில வாரங்கள்தான். எந்தத் தோட்டம், எத்தனை குடும்பம், எத்தனை பேர் ஓய்வு வயதை நெருங்குகிறார்கள், எந்த இடத்தில் வீட்டு நிலம் கேட்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, வரைபடத்தின் நகலில் அந்த இடத்தைக் குறித்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு பிரதியை வைத்துக்கொண்டால் போதும்.