ஸ்ட்ராட்போர்டு வீதிகளில் ஷேக்ஸ்பியர்

இங்கிலாந்திலே ஏவன் ஆற்றங்கரையில் அமைந்த சிறிய சந்தை நகர் ஸ்ட்ராட்போர்டு. அங்கே ஹென்லி வீதியில், கையுறை செய்து விற்ற ஜான் என்பவரின் இல்லத்தில் 1564-ஆம் ஆண்டு வில்லியம் ஷேக்ஸ்பியர் பிறந்தார். 18 வயதில் ஆன் ஹாத்வேயை மணந்தார். பின்னர் லண்டன் மாநகர் சென்று, நடிகராகவும் நாடகாசிரியராகவும் அழியாப் புகழ் பெற்றார்.

1596-இல் அவருடைய ஒரே மகன் ஹாம்னெட் 11 வயதில் இறந்தான். மறு ஆண்டில் அவர், தம் ஊரின் பெரிய வீடுகளுள் ஒன்றான நியூ பிளேஸை விலைக்கு வாங்கினார். 1616-இல் இறைவனடி சேர்ந்தார்.

நியூ பிளேஸுக்கு அருகிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் அங்கே ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே இடம்! ஹாம்னெட்டுடன் இரட்டையராய்ப் பிறந்த ஜூடித், 1611-இல் ஒரு பத்திரத்தில் தம் பெயரை எழுதவில்லை. ஒரு குறியைத்தான் இட்டார். உலகம் போற்றும் நாடகங்களை எழுதியவருடைய மகளின் நிலை இதுவே!

நியூ பிளேஸ் 1759-இல் இடிக்கப்பட்டது. பிறந்த வீடோ 1847-இல் பொதுமக்கள் நன்கொடையால் வாங்கப்பட்டு, இன்றும் பேணப்படுகிறது. அவ்வீட்டின் பெருமையைப் படிக்கும் நாம் ஜூடித்தையும் நினைப்போம். அவருக்குத் திறவாத பள்ளிக் கதவை நமக்குத் திறந்துவிட்ட பெற்றோர்க்கும் அருட்சகோதரியர்க்கும் நன்றியுடையவர்களாய், ஒரு நாளையும் வீணாக்காது கற்போமாக!