ஆக்ஸ்போர்டில் சீனம் வளர்த்த ஜேம்ஸ் லெக்

சீன நாட்டின் தொன்னூல்களை ஆங்கிலத்தின் வழியே உலகறியச் செய்த பெருமகனார் ஜேம்ஸ் லெக். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் முதற் சீனப் பேராசிரியர் என்னும் சிறப்பும் அவருக்கே உரியது.

அவர் 1815ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள் ஸ்காட்லாந்தின் ஹண்ட்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். அபர்தீனில் பயின்று 1835இல் பட்டம் பெற்றார். இலத்தீனில் அவருக்கிருந்த புலமை ஆசிரியர்களை வியக்கச் செய்தது. ஆயினும், அங்குக் கல்விப் பதவி பெற அரசு சார்ந்த திருச்சபையில் சேர்தல் வேண்டும். தம் குடும்பம் பின்பற்றிய தனிச்சபையை விட்டு விலக அவர் மனம் ஒப்பவில்லை. பதவியைத் துறந்தார், கொள்கையைத் துறந்தாரில்லை.

இலண்டனில் சாமுவேல் கிட் என்னும் பேராசிரியரிடம் சீன மொழியின் முதற்பாடங்களைக் கற்று, சமய ஊழியராய்க் கடல் கடந்தார். 1840இல் மலாக்காவை அடைந்து, அங்கிருந்த ஆங்கில சீனக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். 1843இல் கல்லூரி ஹாங்காங்கிற்கு மாறியபோது அவரும் உடன் சென்றார். ஒரு மக்களிடம் பேச விழைவோர், அம்மக்களின் உள்ளத்தை உருவாக்கிய நூல்களை முதலில் கற்றல் வேண்டும் என்பது அவர் துணிபு. பகலெல்லாம் ஊழியப் பணி. ஆகவே விடியுமுன் எழுந்து விளக்கொளியில் நூல் பயின்றார்.

சீனச் செவ்வியல் நூல்கள் என்னும் அவர்தம் பெருவரிசை 1861 முதல் 1872 வரை ஐந்து தொகுதிகளாய் வெளிவந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே சீன மூலம், அதன்கீழ் மொழிபெயர்ப்பு, அடியில் நெருங்கிய எழுத்தில் விரிவுரை. பழைய உரையாசிரியர் பலரின் கருத்துகளையும் நிறுத்துப் பார்த்தே பொருள் கண்டார்.

இப்பணியில் அவருக்கு வலக்கரமாய் அமைந்தவர் வாங் தாவ் என்னும் சீன அறிஞர். அரசின் சினத்திற்கு அஞ்சி 1862இல் ஷாங்காயிலிருந்து ஹாங்காங்கிற்குத் தப்பி வந்தவர் அவர். உரைகளைத் திரட்டித் தந்ததோடு, ஸ்காட்லாந்துக்கும் சென்று 1870 வரை லெக்குடன் தங்கிப் பணியாற்றினார். அவ்வுதவியை லெக் மறைத்தாரல்லர். தம் நூன்முகத்திலேயே நன்றியுடன் பதிந்தார்.

305 பாடல்கள் கொண்ட ஷி ஜிங் என்னும் கவிதைத் தொகையை அவர் கையாண்ட முறை கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது. 1871இல் பொருள் வழுவாது உரைநடை தழுவிப் பெயர்த்தார். பின்னர், உறவினர் சிலரின் துணையோடு அதே தொகையைச் செய்யுளாக்கி 1876இல் வெளியிட்டார். பொருளைக் காத்தபின்னரே ஓசையைத் தேடினார்.

அதே 1876இல் ஆக்ஸ்போர்டில் சீன இருக்கை அமைந்தது. சமயக் கட்டுப்பாட்டால் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் இழந்தவரை, அறுபதாம் அகவையில் மற்றொன்று அழைத்து அமர்த்தியது. ஆனால் பாடம் கேட்க வந்தோர் மிகச் சிலரே. அவர் தளரவில்லை. மாக்ஸ் முல்லர் பதிப்பித்த கீழைத் திருநூல் வரிசைக்கு ஆறு தொகுதிகள் அளித்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்த பாஹியானின் குறிப்புகளை 1886இல் மொழிபெயர்த்தார்.

அவ்வாண்டில்தான், அதே நகரில் தமிழ் கற்பித்துவந்த ஜி. யு. போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. 1893இல் போப்பின் நாலடியாரும், லெக்கின் செவ்வியல் வரிசை முதல் தொகுதியின் திருந்திய பதிப்பும் ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகத்திலிருந்தே வெளிப்போந்தன.

அத்திருந்திய பதிப்பில்தான் லெக்கின் பெருமை முழுதும் விளங்குகிறது. கன்பூசியஸைப் பெருமகன் எனக் கொள்ள இயலாது என 1861இல் எழுதியவர் அவர். முப்பத்திரண்டு ஆண்டுக் கல்விக்குப்பின் அத்தீர்ப்பைத் தாமே மாற்றி, அவர் மிகப் பெரிய மனிதரே என அச்சேற்றினார். சீன அறநெறியை மதித்து அவர் எழுதிய கட்டுரையை 1877இல் ஷாங்காயில் கூடிய சமய ஊழியர் மாநாடு தன் அறிக்கையில் சேர்க்க மறுத்திருந்தது. அதற்கும் அவர் அஞ்சினாரில்லை.

1897ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், பேராசிரியப் பொறுப்பில் இருந்தவாறே ஆக்ஸ்போர்டில் மறைந்தார். அவர்முன் அமர்ந்து கற்றோர் சிலர். அவர் நூல்வழிக் கற்றோர் எண்ணிலர். பிறர் இலக்கியத்தைக் கற்பவன் தன் தீர்ப்பையும் திருத்திக்கொள்ளக் கற்றல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு விட்டுச்சென்ற பாடம்.