சேர் பொன்னம்பலம் அருணாசலம்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலே கற்று, 1875 முதல் 1913 வரை இலங்கைச் சிவில் சேவையிலே உத்தியோகம் வகித்தனர். தேசாதிபதியின் அதிகாரத்தை உள்ளிருந்தே அறிந்தவராதலின், இளைப்பாறியபின் அதனை வரையறுத்தலையே தம் பணியாகக் கொண்டனர். அக்காலத்துச் சட்டநிருபண சபையிலே உத்தியோகத்தரே தொகையின் மிக்கார். அவர் வாக்கோ தேசாதிபதியின் கருத்துவழி நிற்பது.

1919இலே இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவராயினர். 1920ஆம் ஆண்டுத் திட்டம் உத்தியோகப் பற்றற்றோர்க்கு 23 ஆசனமும் உத்தியோகத்தர்க்கு 14 ஆசனமும் வகுத்தது. ஆயினும், மிக முக்கியமெனத் தாம் கருதும் மசோதாவை உத்தியோகத்தர் வாக்குமாத்திரங்கொண்டே நிறைவேற்றும் அதிகாரம் தேசாதிபதியிடமே நின்றது.

மேல்மாகாணத் தமிழர்க்கு ஓர் ஆசனமென்னும் வாக்குறுதி காக்கப்படாமையால், 1921இலே காங்கிரசை நீங்கினர். 1924இலே மதுரையிற் காலமாயினர். ஆசனம் வேறு, அதிகாரம் வேறு என்பதை மாணாக்கர்க்கு உணர்த்த இச்சரிதத்தினுஞ் சிறந்த பாடம் பிறிதொன்றை நாம் அறியோம்.