பாகவதர் கிராப்பு

அந்தக் காலத்து வாலிபர்கள் தலைமுடியைப் பிடரி வரை வளர்த்தார்கள். எண்ணெய் தடவிப் பின்னால் வாரிவிட்டார்கள். வீட்டில் திட்டு விழாமலா இருந்திருக்கும்? அதற்குப் பெயரே 'பாகவதர் கிராப்பு'!

அந்தப் பாகவதர்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர். மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர். நாடகத்தில் பாடி நடித்தவரை, 1934-ல் 'பவளக்கொடி' சினிமாவுக்குக் கொண்டுவந்தது.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியாயிற்று. சில வாரங்களில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார்.

ரசிகர்கள் கைவிடவில்லை. கதாநாயகன் சிறையில், அவருடைய படமோ சென்னை பிராட்வே தியேட்டரில்! மூன்று தீபாவளி கண்டது.

1947-ல் நிரபராதி என்று விடுதலையானார். வெளியே ரசிகர்களின் ரசனை மாறியிருந்தது. சொந்தப்படம் 'ராஜமுக்தி'கூட ஓடவில்லை.

1959 நவம்பர் 1-ந்தேதி சென்னையில் காலமானார். உடல் திருச்சிக்குப் போயிற்று.