கடலடிக் கம்பியின் பழுதைக் கரையிலிருந்தே தேடியவர்

இம்பீடன்ஸ் என்ற சொல்லை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். தமிழில் மின்மறுப்பு என்கிறோம். 1886இல் அந்தச் சொல்லை உருவாக்கியவர் 16 வயதோடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டவர். பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் படிக்காதவர். காதும் சரியாகக் கேட்காது. அவர்தான் ஆலிவர் ஹெவிசைட். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வீட்டு இணையக் கோளாறுகளைப் பார்த்துக் கொடுப்பவன் நான். எடிசனையும் மார்க்கோனியையும்விட இந்த மனிதருக்கே நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்று அடிக்கடி நினைப்பதுண்டு.

1850 மே 18ஆம் நாள் இலண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மரத்தில் படம் செதுக்கும் தொழிலாளி. சிறுவயதில் வந்த செங்காய்ச்சல் ஆலிவரின் செவித்திறனைப் பாதித்தது. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியாமல் ஒதுங்கியே வளர்ந்தார். படிப்பில் மட்டும் ஒதுங்கவில்லை. 1865இல் எழுதிய ஒரு பொதுத் தேர்வில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களில் ஐந்தாவதாக வந்தார். மேற்கொண்டு படிக்க வீட்டில் பணம் இல்லை. அம்மாவின் சகோதரியை மணந்தவர், தந்தித் துறையில் பெரும்பெயர் பெற்றிருந்த சார்லஸ் வீட்ஸ்டன். அந்த உறவினால் பையனுக்குத் தந்தி வேலை கிடைத்தது.

1868இல் டென்மார்க் போனார். இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே வட கடலின் அடியில் தந்திக் கம்பி போட்டிருந்தார்கள். அதில் செய்தி அனுப்புவதும் பெறுவதும் வேலை. பிறகு இங்கிலாந்தின் நியூகாசில் நிலையத்துக்கு மாறினார். கடலடிக் கம்பியில் கோளாறு வந்தால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில் எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கப்பலை அனுப்பி முழுக் கம்பியையும் தூக்கிப் பார்க்க முடியாது. கரையில் இருந்தபடியே கணக்குப் போட வேண்டும்.

ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு மின்தடை எவ்வளவு என்பது முன்பே தெரியும். கரையில் கருவியை வைத்து, பழுதான இடம் வரை உள்ள மின்தடையை அளந்தால் தூரம் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் உறை கிழிந்து கடல்நீர் புகுந்த இடத்துக்கும் ஒரு மின்தடை உண்டு. அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இரண்டு கரைகளிலிருந்தும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளையும், கம்பியின் மொத்த மின்தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் தெரியாத அந்த எண் கழன்றுபோகும், தூரம் மட்டும் மிஞ்சும். இதற்குப் பயன்படும் கருவிதான் அந்த உறவினரின் பெயரால் வழங்கும் வீட்ஸ்டன் சமனச்சுற்று. அதை எப்படி அமைத்தால் அளவு மிகத் துல்லியமாக இருக்கும் என்று 22 வயதில் ஹெவிசைட் ஒரு கட்டுரை எழுதினார். 1873இல் வெளிவந்த அந்தக் கட்டுரை, மாமேதை மேக்ஸ்வெல்லின் கண்ணிலும் பட்டது.

என் தொழிலில் இன்றைக்கும் இதே முறைதான். யாரையும் குறை சொல்வதற்கு முன் பாதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அளந்து பார்க்க வேண்டும். என் அக்கா தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறார். அங்கே கம்பிவழி இணையம் இல்லை. கூரையில் ஓர் அலைவாங்கி, அதிலிருந்து கேபிள், வீட்டுக்குள் 4ஜி மோடம். அக்கா மகளுக்கு எஸ்.பி.எம். ஆண்டு, இரவு எட்டு மணிக்கு இயங்கலை வகுப்பு. மழை பிடித்தால் வகுப்பு அறுந்துவிடும். மழை வந்தால் அலை வராதுதானே மாமா என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் மலையில் அந்தச் சமாதானத்தோடு படிக்க முடியுமா?

உண்மையில், 4ஜி அலைவரிசைகளை மழைத்துளி பெரிதாகத் தடுப்பதில்லை. முதல் கேள்வி, அறுந்தது எது? கைப்பேசியில் அருகலைக் குறி அப்படியே இருந்தது, மோடத்தின் அமைப்புப் பக்கமும் திறந்தது. ஆகவே வீட்டுக்குள் கோளாறு இல்லை. அடுத்து, மோடம் காட்டும் அலைவலிமை. வெயில் நேரத்தில் கழித்தல் 98 டிபிஎம், மழையில் கழித்தல் 117. கூரைக் கேபிளைக் கழற்றிவிட்டு, மோடத்தின் சொந்த அலைவாங்கியோடு சன்னலோரம் வைத்தேன். அதே மழையில் கழித்தல் 107! அலைவாங்கி இருப்பதைவிட இல்லாதது மேல் என்றால், கோபுரத்தின் மேல் பழி போட இடமில்லை. குற்றவாளி கேபிள்தான். மறுநாள் கூரை ஏறிப் பார்த்தபோது, இணைப்பு முனையில் சுற்றியிருந்த டேப் பிரிந்து, உள்ளே செம்பு பச்சை பிடித்துப்போயிருந்தது. போதாததற்கு, 50 ஓம் கேபிள் போட வேண்டிய இடத்தில் 75 ஓம் டி.வி. கேபிள், அதுவும் 20 மீட்டருக்கு.

இந்த ஓம் கணக்கும் ஹெவிசைட்டின் சொத்துதான். மின்மறுப்பு பொருந்தாத இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். 50, 75 என்றால் திரும்புவது சுமார் 4 விழுக்காடு மட்டுமே, அதற்காகப் பதற வேண்டாம். பெரிய இழப்பு நீளத்தில் இருக்கிறது. அவ்வளவு நீள டி.வி. கேபிளில் இந்த அலை பாதிக்கும் மேல் வழியிலேயே கரைந்துபோகும். அதன்மேல் தண்ணீரும் புகுந்தால் வகுப்பு எப்படி நடக்கும்? 50 ஓம் கேபிளை 6 மீட்டராகச் சுருக்கிப் போட்டு, முனையை நீர் புகாத ரப்பர் டேப்பால் மூடினேன். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இன்னொரு செய்தி, நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் உலோக உறை என்ற இந்தக் கேபிள் அமைப்புக்கு 1880இல் காப்புரிமை பெற்றவரும் ஹெவிசைட்தான்.

24 வயதில் வேலையை விட்டுவிட்டார். அதன்பின் வாழ்நாளில் எந்த வேலைக்கும் போகவில்லை. பெற்றோர் வீட்டு அறையில் அமர்ந்து மேக்ஸ்வெல்லின் நூலைப் படிக்கத் தொடங்கினார். முதலில் பாதி புரியவில்லை. தேவையான கணிதத்தைத் தாமே கற்றுக்கொண்டு மீண்டும் படித்தார். 20 சமன்பாடுகளாகப் பரந்து கிடந்ததை 1885 வாக்கில் நான்காகச் சுருக்கினார். மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று இன்று கல்லூரியில் நீங்கள் மனப்பாடம் செய்பவை, ஹெவிசைட் எழுதிக் காட்டிய வடிவம். வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்ததும் அதே 1885ஆம் ஆண்டில்தான்.

அவருக்கு நேர்ந்த பெரிய அநீதி தொலைபேசியில் வந்தது. நீண்ட கம்பியில் பேச்சு குழம்பிப் போவது ஏன் என்று 1887இல் கணக்கிட்டுக் காட்டினார். கம்பியில் மின்தூண்டலைக் கூட்டினால் குரல் தெளியும் என்பது அவருடைய முடிவு. அஞ்சல் துறையின் தந்திப் பிரிவில் உயர் அதிகாரியாக இருந்த வில்லியம் பிரீஸ், மின்தூண்டல் கேடு என்று சாதித்தவர். அண்ணன் ஆர்தர் அந்தத் துறையில் வேலை செய்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து எழுதிய கட்டுரையை பிரீஸ் வெளிவரவிடவில்லை. ஒரு கணக்கு சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க ஒரு கம்பி போதும். அதைக்கூடச் செய்யாமல் பதவியால் மூடிவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் மைக்கேல் பூப்பின், கம்பியில் இடைவெளி விட்டுச் சுருள்களைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றுப் பெரும்பணம் சம்பாதித்தார். ஹெவிசைட்டுக்கு ஒரு காசும் வரவில்லை. அந்தக் கம்பிகளிலேயே பின்னாளில் அகண்ட அலைவரிசை இணையம் ஓட வேண்டியிருந்தபோது, அதே சுருள்கள் தடையாகிக் கழற்றப்பட்டன என்பது வேறு கதை.

வறுமையில் இருந்தவருக்கு நண்பர்கள் 1896இல் அரசிடம் பேசி ஆண்டுக்கு 120 பவுண்டு உதவித்தொகை வாங்கித் தந்தார்கள். தருமம் என்று தோன்றிய உதவியை அதற்கு முன் அவர் மறுத்திருந்தார். இதையும் அறிவியலுக்கான மரியாதை என்று சொன்ன பிறகுதான் ஏற்றார்.

1901இல் மார்க்கோனியின் அலை அட்லாண்டிக்கைத் தாண்டியது. நேராகச் செல்லும் அலை உருண்டையான பூமியைச் சுற்றி எப்படிப் போனது? வானில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கலாம் என்று 1902இல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் ஹெவிசைட் எழுதினார். அமெரிக்காவில் கெனலியும் அதே ஆண்டில் அதையே சொன்னார். எங்கள் தாத்தா தலைமுறை தோட்டத்தில் சிற்றலை வானொலியைத் திருகி அகில இந்திய வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டது, அதுபோன்ற வான் அடுக்குகளில் பட்டுத் திரும்பிய அலைகளால்தான்.

கடைசிக் காலத்தில் டார்க்கீ என்னும் கடலோர ஊரில் தனியாக வாழ்ந்தார். எரிவாயுக் கட்டணத்துக்காக நிறுவனத்தோடு சண்டை, குளிர், நோய். 1922இல் முதலாவது ஃபாரடே பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1924 டிசம்பரில் ஆப்பிள்டன் என்ற இளைஞர் வானொலி அலைகளைக் கொண்டு அந்த வான் அடுக்கு உண்மையிலேயே இருப்பதைச் சோதித்துக் காட்டினார். அடுத்த மாதம் ஹெவிசைட் ஏணியிலிருந்து விழுந்தார். 1925 பிப்ரவரி 3ஆம் நாள் இறந்தார். பெய்ண்டன் கல்லறையில் பெற்றோரின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.