முன்சீப் எழுதிய நாவல்

1847இல் பிறந்த ஓ. சந்துமேனோன் மலபாரில், பரப்பனங்காடி முன்சீப்பாகப் பணிபுரிந்தார். பகற்பொழுது வழக்கு விசாரணையில் கழியும். ஓய்வில் ஆங்கில நாவல்களைப் படிப்பார். அக்கதைகளை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் மலையாளத்தில் எடுத்துரைப்பார். அத்தகைய நூலைத் தம் மொழியிலேயே படிக்க அவர்கள் விரும்பினர். எனவே டிஸ்ரேலியின் நாவலொன்றை மொழிபெயர்க்கத் தொடங்கினார். மொழிபெயர்ப்பில் மூலத்தின் சுவை குன்றுவதை உணர்ந்து அதைக் கைவிட்டார். வேறொருவராயின் எழுதும் எண்ணத்தையே விட்டிருப்பார். அவரோ தம் நாட்டு மக்களின் வாழ்வையே கதையாக்கத் துணிந்தார். 1889 ஜூனில் தொடங்கிய ‘இந்துலேகா’ ஆகஸ்டில் முடிவுற்றது; முதற்பதிப்பு விரைவில் விற்றுத் தீர்ந்தது. அடுத்த நாவலான ‘சாரதா’வின் முதற்பகுதி 1892இல் வெளிவந்தது. பின்னர் அவர் துணை நீதிபதியாக உயர்ந்தார். 1899இல் மறைந்தபோது, ‘சாரதா’ நிறைவுறாமலே இருந்தது.